மாங்காயைத் தொட்டால் பம்பை ஒலிக்க வேண்டும்: மாணவர் திட்டப்பணிக்குப் பியூர் டேட்டா எந்த அளவுக்குப் பயன்படும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் பணிபுரியும் பொறியியல் கல்லூரியில், கணினித் துறையின் இறுதியாண்டு மாணவர் நால்வர் தங்கள் எட்டாம் பருவத் திட்டப்பணிக்காகப் பியூர் டேட்டா என்னும் இலவச ஒலி மென்பொருளைப் பதினான்கு வாரங்கள் பயன்படுத்தினார்கள். நான் அவர்களுடைய வழிகாட்டி. இசை எனக்குக் கேட்கத் தெரியுமே தவிர வாசிக்கத் தெரியாது. நிரலாக்கம் கற்பிப்பது என் தொழில். ஆகவே இது இசைக்கலைஞர் ஒருவர் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பாக இல்லாமல், காலக்கெடுவும் ரிவ்யூ எனப்படும் இடைக்கால மதிப்பீடுகளும் கொண்ட ஒரு மாணவர் திட்டப்பணிக்குள் இந்த மென்பொருள் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பற்றிய மதிப்புரையாகவே இருக்கும்.

மாணவர்கள் கொண்டுவந்த யோசனை எளியது. ஒரு மேசையில் ஐந்து மாம்பழங்கள் இருக்கும். பார்வையாளர் எதைத் தொட்டாலும் அதற்குரிய ஒலி எழும். பலர் சேர்ந்து தொட்டால் அது இசையாக வேண்டும். பழத்தில் நீர் நிறைந்திருப்பதால் அதில் ஒரு கம்பியைச் செருகினால் பழமே தொடு சென்சாரின் மின்முனையாகிவிடும் என்பது ஆய்வகங்களில் பலரும் செய்து பார்த்த வேடிக்கைதான். மாங்கூழ் ஆலைகளும், ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சியும் உள்ள ஊரில் மாம்பழத்தைத் தவிர வேறெதைத் தேர்ந்தெடுப்பார்கள்? முதல் கூட்டத்திலேயே அணியில் ஒரு மாணவி மட்டும் தயங்கினாள். “மேடம், நம்ம வைவா ஏப்ரல்லயே முடிஞ்சிடும். நல்ல பழம் மே மாசம்தானே வரும்?” என்று கேட்டாள். திட்டமிடல் என்பதன் முதல் பாடத்தை நான் நடத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பழத்துக்குப் பதில் சுட்ட மண்ணில் செய்த ஐந்து மாங்காய்களும், ஒவ்வொன்றின் காம்பருகே இலை வடிவில் வெட்டி ஒட்டிய செம்புத் தாளும் என்று அன்றே முடிவாயிற்று. மண் மாங்காய்கள் தயாராகும்வரை எலுமிச்சம்பழத்தை வைத்துச் சோதித்தார்கள்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். நால்வருக்கும் பைத்தான் தெரியும் என்பதால் அதிலேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். ஒலிக்கோப்பு ஒன்றை இயக்குவது மட்டும்தான் வேலை என்றால் அது போதுமானது. ஆனால் தொட்ட கணத்துக்கும் ஒலி எழும் கணத்துக்கும் இடையிலுள்ள தாமதத்தை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதும், ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தன்மையை மாற்றிப் பார்ப்பதும் இத்தகைய காட்சியமைப்பில் அன்றாட வேலைகள். பியூர் டேட்டா இந்த இரண்டுக்காகவே உருவான மென்பொருள். இதை எழுதியவர் மில்லர் பக்கெட். 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் மேக்ஸ் என்னும் மென்பொருளை உருவாக்கியவரும் அவரே. அந்த மேக்ஸ் இன்று விலை கொடுத்து வாங்க வேண்டிய வணிக மென்பொருளாக இருக்கிறது. 1990களின் நடுவில் அவர் தொடங்கிய பியூர் டேட்டாவோ கட்டற்ற மென்பொருளாகவே தொடர்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினியிலும் ஓடும். எங்கள் ஆய்வகத்துக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம், ஏனென்றால் கண்காட்சி மேசைக்கடியில் யாருடைய மடிக்கணினியையும் நாள்முழுதும் வைத்துவிட்டுப் போக முடியாது.

இதில் நிரல் என்பது எழுத்து வரிகளாக இருப்பதில்லை. வெள்ளைத் திரையில் சிறு பெட்டிகளை வைத்து, ஒரு பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து இன்னொன்றின் மேற்பக்கத்துக்குக் கம்பி இழுப்பதுதான் நிரலாக்கம். இப்படி வரைந்த படத்துக்குப் பேட்ச் என்று பெயர். ஒலி அலையைக் கையாளும் பெட்டிகளின் பெயருக்குப் பின்னால் டில்டா என்னும் அலைக்குறி இருக்கும். அது இல்லாத பெட்டிகள் எண்களையும் சொற்களையும் மட்டும் கையாளும். இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் முதல் நாளிலேயே ஒரு சுரத்தை எழுப்பிவிடலாம். எங்கள் மாணவர்கள் அரை மணி நேரத்தில் எழுப்பினார்கள். அது வேறெந்தக் கருவியிலும் எனக்குக் கிடைக்காத அனுபவம் என்றே சொல்வேன். பிழைச்செய்தி எதுவும் இல்லாமல், கம்பியை இணைத்த அந்தக் கணத்திலேயே காதில் விழும் விடை மாணவர்களை அடுத்த பெட்டிக்கு இழுத்துச் செல்கிறது. தோற்றம் மட்டும் பழையது. சாம்பல் நிறச் சன்னல்களையும் ஒடுங்கிய எழுத்துகளையும் பார்த்து, “இது எங்க அப்பா காலத்து சாஃப்ட்வேர் மாதிரி இருக்கே” என்று ஒருவன் சிரித்தான். அவன் கணக்கு ஏறக்குறைய சரி.

சுருதி விஷயத்தில் இந்த மென்பொருளை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மேற்கத்திய இசையை மனத்தில் கொண்டு 1983இல் வந்த மிடி என்னும் நெறிமுறையில் சுரங்கள் 0 முதல் 127 வரையிலான முழு எண்களாக இருக்கும். பியானோவின் சம இடைவெளிகளே அங்கு இயல்பு. பியூர் டேட்டாவில் அதிர்வெண்ணை நேராகவே கொடுக்கலாம். ஆதார சட்ஜமத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு, மோகன ராகத்தின் ஐந்து சுரங்களையும் எளிய விகிதங்களாகப் பெருக்கி, ச 240, ரி 270, க 300, ப 360, த 400 என்று ஐந்து மாங்காய்களுக்கும் கொடுத்தோம். மோகனத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பார்வையாளர் எந்த வரிசையில் தொடுவார், எத்தனை பேர் ஒன்றாகத் தொடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. அரைச்சுர நெருக்கம் இல்லாத ஐந்து சுர ராகத்தில் எதோடு எது சேர்ந்தாலும் காதை உறுத்துவதில்லை. இசை தெரியாத குழந்தை தொட்டாலும் இனிமையாக ஒலிக்க வேண்டும் என்ற முடிவு, வன்பொருளைத் தொடும் முன்பே, விசைப்பலகையின் ஐந்து எழுத்துகளை அழுத்திப் பார்த்தே எடுக்கப்பட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்த மென்பொருளைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இருக்கிறது. எங்கள் மாணவர்களின் வழக்கம், முதலில் மின்னணுப் பலகையையும் சென்சாரையும் வாங்கி, சால்டரிங் செய்து, விளக்கு எரிந்த பிறகு மென்பொருளைத் தொடங்குவது. உதிரிப் பாகம் வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நாள், தவறான பாகத்தை மாற்ற இன்னொரு நாள், இணையத்தில் வாங்கியது வந்து சேர ஒரு வாரம் என்று முதல் ரிவ்யூவே கடந்துவிடும். ஒலியை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். இந்த முறை நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். பலகை என்ன செய்தியை அனுப்பும் என்பதை முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர்கள் எழுதியது ஒரே வரி: மாங்காயின் எண், பிறகு தொட்டால் 1, விட்டால் 0. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நம்பி இரண்டு பேர் ஒலியை உருவாக்கினார்கள். இரண்டு பேர் வன்பொருளைக் கட்டினார்கள். ஒலி அணி, ஐந்து பொத்தான்கள் கொண்ட ஒரு பொய்ப் பேட்சைத் தயாரித்து, பலகை அனுப்பப்போகும் அதே செய்தியை அதிலிருந்து அனுப்பிக்கொண்டார்கள். பலகை வந்து சேர்ந்த நாளில் பொய்ப் பேட்சை எடுத்துவிட்டு உண்மைப் பலகையை இணைத்தபோது, இரண்டு மணி நேரத்துக்குள் ஒலி கேட்டது. பெட்டிகளையும் செய்திகளையும் கொண்டே எல்லாம் இயங்கும் மென்பொருளில் இப்படிப் பிரித்துத் திட்டமிடுவது இயல்பாக வருகிறது. அதற்கென்று தனி நூலகமோ தனிச் சோதனைக் கருவியோ வேண்டியிருக்கவில்லை.

வன்பொருளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈஎஸ்பி32 என்ற பலகையிலேயே பத்துத் தொடு முனைகள் உண்டு. ஐந்து மாங்காய்க்கு அது போதும். முதலில் செய்திகளை வைஃபை வழியே அனுப்பினார்கள். துறை விழா நாளன்று அரங்கில் இருநூறு கைபேசிகள் இருக்கும் என்பதை நினைவூட்டியபின் யூஎஸ்பி கம்பிக்கு மாறினார்கள். கம்பி வழித் தொடர்புக்கான பெட்டி பியூர் டேட்டாவின் அடிப்படைத் தொகுப்பில் இல்லை என்பது ஒரு குறை. கூடுதல் தொகுப்புகளைத் தேடும் வசதியின் மூலம் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இணைய இணைப்பு இல்லாத ஆய்வகக் கணினியில் இது ஒரு பிற்பகலை விழுங்கியது.

இனிக் குறைகள். பல பேர் சேர்ந்து செய்யும் மாணவர் திட்டப்பணியில்தான் இவை தெரியவரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பெட்டிக்கு இரண்டு மூன்று உள்வாய்கள் இருக்கும். அவற்றில் இடது ஓரத்து உள்வாய்க்கு ஏதேனும் வந்தால்தான் பெட்டி வேலை செய்யும். மற்ற உள்வாய்களுக்கு வருவதை அது நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளும். ஆகவே வலப்பக்கச் செய்தி முதலில் வந்து சேர வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் பிரிந்து சென்றால் எந்தக் கம்பியில் செய்தி முதலில் போகும் என்பது, எந்தக் கம்பி முதலில் இழுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது! இரண்டு பேட்சுகள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஒன்று சரியாக இயங்கும், மற்றொன்று ஒரு தொடுகை பின்தங்கியே ஒலிக்கும். எங்கள் மாணவன் ஒருவன் க தொட்டால் முன்பு தொட்ட ரி கேட்கிறது என்று இரண்டு நாள் புலம்பியதற்குக் காரணம் இதுதான். டிரிகர் என்ற பெட்டியை இடையில் வைத்து வரிசையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். இதைத் தொடக்கப் பாடங்கள் சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் அடிபட்ட பிறகுதான் யாருக்கும் அது காதில் விழுகிறது.

அடுத்தது, நால்வர் சேர்ந்து ஒரே பேட்சில் வேலை செய்ய முடியாது. பேட்ச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமிக்கப்படுவதால் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கோப்பில் ஒவ்வொரு கம்பியும் ‘இத்தனையாவது பெட்டியிலிருந்து இத்தனையாவது பெட்டிக்கு’ என்று வரிசை எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவர் நடுவில் ஒரு பெட்டியைச் சேர்த்து, மற்றொருவர் வேறிடத்தில் ஒன்றை நீக்கி, இரண்டையும் இணைத்தால் எண்கள் இடம் மாறிக் கம்பிகள் தாறுமாறாகப் போய்விடும். இதற்கு ஒரே வழி, முதலிலேயே பேட்சைச் சிறு கோப்புகளாகப் பிரித்து, ஒரு கோப்புக்கு ஒருவரே பொறுப்பு என்று வைப்பதுதான். ஒரு கோப்பை இன்னொரு பேட்சுக்குள் ஒரு பெட்டியாகவே போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஐந்து மாங்காய்களுக்கும் ஒரே கோப்பை ஐந்து முறை போட்டார்கள். அங்கேயும் ஒரு கண்ணி இருந்தது. ஒலியைச் சேமிக்கும் அட்டவணையின் பெயர் பேட்ச் முழுவதற்கும் பொதுவானது. ஐந்து பெட்டிகளும் ஒரே பெயருள்ள அட்டவணையை வைத்திருந்ததால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பெயருக்கு முன்னால் டாலர் குறியும் பூஜ்யமும் சேர்த்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயர் கிடைத்துவிடும் என்பதை மூன்றாவது வாரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். எழுத்து வடிவ நிரலையே விரும்புகிற அணிக்கு, ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்த சூப்பர்கொலைடர் என்னும் ஒலி மென்பொருள் இந்த ஒரு விஷயத்தில் மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் முதல் ஒலியைக் கேட்கவே எங்கள் மாணவர்களுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

மோகன சுரங்களோடு பம்பையின் அடியும் வேண்டும் என்பது இரண்டாம் ரிவ்யூவுக்கு முன் வந்த ஆசை. இந்தப் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் பம்பை இல்லாமல் கரகம் எழாது. காவேரிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பம்பை வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருக்குரிய தொகையைக் கொடுத்து, ஒரு காலை நேரத்தில் தனித்தனி அடிகளாகக் கைபேசியில் பதிவு செய்து வந்தார்கள். அனுமதியும் ஊதியமும் இல்லாமல் ஒருவருடைய கைவண்ணத்தைக் கோப்பாக்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. இதைத் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே ஒரு வரியாக எழுதச் சொன்னேன். அந்த ஒலிகளைப் பேட்சுக்குள் ஏற்றினார்கள். எங்கள் எல்லோருடைய காதுக்கும் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் கனமாக, கம்பீரமாகக்கூட இருந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவரையே அழைத்துவந்து மேசை முன் நிறுத்தினோம். ஒரு மாங்காயைத் தொட்டார். மறுபடி தொட்டார். “இது நம்ம பம்பை இல்லீங்களே, தோல் நனைஞ்ச மாதிரி கேக்குது” என்றார்.

அவர் சொன்னதே சரி. கைபேசி நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையின் தனித்தனி அளவுகள்) என்ற சாம்பிள் ரேட்டில் பதிவு செய்திருந்தது. பியூர் டேட்டா 44,100 என்ற வீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அட்டவணையில் ஏற்றிய ஒலியை எந்த வீதத்தில் பதிவு செய்தார்கள் என்று அட்டவணையை வாசிக்கும் பெட்டி கேட்பதில்லை. மாதிரிகளை வரிசையாக எடுத்துத் தன் வேகத்தில் தள்ளிவிடும். விளைவாக ஒவ்வொரு அடியும் எட்டு விழுக்காட்டுக்கு மேல் மெதுவாகி, ஒன்றரை அரைச்சுரம் தாழ்ந்து ஒலித்திருக்கிறது. இதைப் பிழை என்று மென்பொருள் எந்த இடத்திலும் சொல்லவில்லை. கோப்புகளை 44,100க்கு மாற்றி ஏற்றியபின் பெரியவர் தலையசைத்தார். நான்கு கணினிப் பொறியாளர்களும் ஒரு பேராசிரியையும் கேட்டும் பிடிபடாததை, தோலை நெருப்பில் காய்ச்சிப் பழகிய ஒருவர் இரண்டாவது தொடுகையில் பிடித்துவிட்டார். அன்றைய தேதியிலிருந்து எங்கள் சோதனைத் திட்டத்தில், ஒலிக்குச் சொந்தக்காரர் கேட்டு ஒப்புதல் தருவது என்பது தனி ஒரு கட்டமாகச் சேர்ந்துவிட்டது.

இதோடு தொடர்புடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒலிக்கோப்புகளை அட்டவணைக்குள் ஏற்றும் வேலையைப் பேட்ச் திறக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிய கோப்பை ஏற்றினால் அந்த நேரத்துக்கு எல்லா ஒலியும் விக்கி நின்றுவிடும். வட்டிலிருந்து நேரடியாக வாசிக்கும் பெட்டியும் இருக்கிறது. ஆனால் அதற்குக் கோப்பை முன்கூட்டியே திறக்கச் சொல்லி வைத்திருக்க வேண்டும் என்பதால், தொட்டவுடன் ஒலிக்க வேண்டிய அடிகளுக்கு அது ஒத்துவராது.

தாமதத்தைப் பற்றி. பியூர் டேட்டா ஒலியை 64 மாதிரிகள் கொண்ட சிறு துண்டுகளாகக் கணக்கிடுகிறது. 44,100 வீதத்தில் ஒரு துண்டு ஒன்றரை மில்லி விநாடிக்கும் குறைவு. ஆகவே மென்பொருளே தாமதத்துக்குக் காரணமாவது அரிது. மென்பொருளுக்கும் ஒலி அட்டைக்கும் இடையில் வைக்கும் பஃபர் என்னும் தேக்கம்தான் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும்; அந்தத் தேக்கத்தை ஒலி அமைப்புச் சன்னலில் மில்லி விநாடிக் கணக்கிலேயே குறைத்துப் பார்க்கலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஒலி கரகரக்கும். கரகரப்பு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே வைத்துக்கொள்வது நல்லது. மாணவர்கள் தாமதத்தை அளந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. மண் மாங்காயை விரல் நகத்தால் தட்டி, தட்டும் சத்தமும் ஒலிபெருக்கியின் சத்தமும் ஒரே பதிவில் விழுமாறு கைபேசியில் பதிந்து, ஆடாசிட்டி என்னும் ஒலித்திருத்த மென்பொருளில் இரண்டு முகடுகளுக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்தார்கள். கம்பி வழி ஒலிபெருக்கியில் முப்பது மில்லி விநாடிக்குள் வந்தது. தட்டுவதும் ஒலிப்பதும் ஒன்றாகவே தோன்றியது. மூன்றாம் ரிவ்யூ அன்று, தூக்கிவர எளிது என்று ஒருவன் தன் புளூடூத் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தான். தொட்டுக் கையை எடுத்த பிறகுதான் ஒலி வந்தது. குழுவில் அமர்ந்திருந்த ஆசிரியர்கள் சென்சார் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒவ்வொருவரும் இரண்டு மூன்று முறை தொட, ஒலிகள் எல்லாம் ஒன்றாகக் குவிந்து வந்தன. மென்பொருளில் எந்த மாற்றமும் இல்லை. வேறு எந்தச் செலவை மிச்சப்படுத்தினாலும் ஒலிபெருக்கிக்குக் கம்பி மட்டும் இருக்கட்டும். காற்றில்கூட ஒலி ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒலிபெருக்கியை அரங்கின் மூலையில் தொங்கவிடாமல் மேசைக்கடியிலேயே வைத்தோம்.

யாரும் தொடாதபோது என்ன நடக்க வேண்டும், எல்லோரும் ஒன்றாகத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் திட்ட அறிக்கையின் தேவைகள் பகுதியில் எழுதச் சொன்னேன். தொடாதபோது மெல்லிய தம்பூரா போன்ற சுருதி நீடித்து ஒலிக்கும் என்று வைத்தார்கள். அது இல்லாவிட்டால் மேசை உயிருடன் இருக்கிறதா என்றே பார்வையாளருக்குத் தெரியாது. எல்லோரும் தொடும்போது ஐந்து ஒலிகளும் கூடி எல்லையை மீறி ஒலி சிதைந்தது. வெளியீட்டுப் பெட்டிக்குள் போகும் அலை கூட்டல் ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். மீறினால் தலை வெட்டுப்படும். ஒவ்வொரு மாங்காயின் ஒலியையும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்ததும் சிதைவு போயிற்று, ஆனால் ஒருவர் தனியாகத் தொடும்போது ஒலி சன்னமாகிவிட்டது. எத்தனை கைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று எண்ணி, அதற்கேற்ப அளவை மெதுவாக ஏற்றி இறக்கும் ஒரு சிறு பகுதியைப் பிறகு சேர்த்தார்கள். இதைப் பேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இருவர் மாங்காயைத் தொட்டுக்கொண்டிருக்க மூன்றாமவர் எண்களை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்கள். நிரலை நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓட்டும் முறையில் இந்த வேலைக்கு ஒரு நாள் ஆகியிருக்கும். எங்களுக்குத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

விழா நாளன்று காலையில் ஆய்வகத்தில் நன்றாக இயங்கிய மாங்காய்கள் அரங்கில் பாதி நேரம் பேசவில்லை. இதற்கும் மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. தொடு சென்சார் நம் உடலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள மின் தொடர்பை நம்பி இயங்குகிறது. ஆய்வகத்தில் எல்லாம் நில இணைப்புள்ள மின்செருகியில் இருந்தது. அரங்கில் மின்தடைக்கு அஞ்சி பேட்டரியில் ஓட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்களுக்கு மட்டும் மாங்காய் ஒழுங்காகப் பதில் சொன்னதை வைத்து ஒரு மாணவி காரணத்தைக் கண்டுபிடித்தாள். பலகையின் தரை முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, மேசை விளிம்பில் பார்வையாளரின் மறு கை இயல்பாகப் படும் இடத்தில் ஒட்டிய செம்புப் பட்டையில் இணைத்தார்கள். பிறகு சிக்கல் இல்லை. ஒவ்வொரு மாங்காயிலிருந்தும் வரும் எண்ணை நேரலையாகத் திரையில் பார்க்க பியூர் டேட்டாவில் ஒரு எண் பெட்டி போதும் என்பது அந்தப் பதற்றத்தில் பெரிய உதவி.

ராஸ்ப்பெரி பையில் நிலையாக ஓட்டும் வேலை எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. திரை இல்லாமல் ஓடும் முறையில் பேட்சைத் தொடங்கும் ஒரே ஒரு கட்டளையை, மின்சாரம் வந்தவுடன் தானே இயங்குமாறு வைத்தார்கள். பையின் பழைய மாடல்களில் உள்ள ஹெட்போன் துளையின் ஒலி இரைச்சல் மிக்கது. ஐந்தாம் மாடலில் அந்தத் துளையே இல்லை. ஆகவே யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றைத் திட்டத்தின் பட்டியலில் முதலிலேயே சேர்ப்பது நல்லது. மின்சாரம் திடீரென்று போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போகும் அபாயம் உண்டு. எழுத முடியாத நிலையில் கார்டைப் பூட்டும் வசதி ராஸ்ப்பெரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோடைக்கால மின்சாரத்தை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஐந்து மாங்காய்களையும் தொட்டு மகிழ்ந்துவிட்டு, “எல்லாம் சரி, இதுல கோடிங் எங்க?” என்று கேட்டார். இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் எந்த அணியும் இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். எங்கள் அணி, பேட்சைத் திரையில் திறந்து காட்டியதோடு, பலகைக்கு எழுதிய நிரலையும், செய்தி வடிவத்தைக் குறித்த அந்த ஒரு வரித் தாளையும், தாமத அளவீடுகளையும் அறிக்கையின் பின்னிணைப்பாக வைத்திருந்தது. அறிக்கையில் கேட்கப்படும் கட்டமைப்பு வரைபடத்துக்குத் தனியாகப் படம் வரைய வேண்டியிருக்கவில்லை. முதன்மைப் பேட்சே வரைபடமாக இருந்தது. அதற்காக அதை ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். கம்பிகள் சிக்கிய நூற்கண்டு போல இருக்கும் பேட்சைத் தேர்வாளரிடம் காட்டுவதைவிடக் காட்டாமலே இருந்துவிடலாம்.

வேலைவாய்ப்பு நேர்காணலில் இந்த மென்பொருளின் பெயரைக் கேட்டுத் தலையசைப்பவர்கள் மிகக் குறைவு. அதற்காக மட்டுமே திட்டப்பணி செய்பவர்கள் வேறு கருவியைத் தேடலாம். ஒலிப்பதிவை வரிசையாக அடுக்கிப் பாடல் தயாரிக்க விரும்புபவர்களுக்கும் இது உரியதன்று. மேசை, சுவர், பானை, படிக்கட்டு என்று ஏதோ ஒரு பொருளை மனிதர் தொட்டு ஒலி எழுப்பும் காட்சியமைப்பை, குறைந்த செலவில், பதினான்கு வாரத்துக்குள், நால்வர் செய்ய வேண்டும் என்றால் நான் மறுபடியும் இதைத்தான் சொல்வேன். எங்கள் துறையின் மூன்றாமாண்டு மாணவர்கள் சிலர் அந்த மண் மாங்காய்களை இப்போதே கேட்டு வந்திருக்கிறார்கள். பம்பைக்குப் பதில் உறுமி வேண்டுமாம். உறுமி வாசிப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கைபேசியின் சாம்பிள் ரேட்டை 44,100க்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.